அறுப்பின் பண்டிகையில் உப்புக்கும் ஓர் இடம்



கோடை விடுமுறை நெருங்கும்போது ஆண்டுதோறும் நம் சபைகளில் ஒரு பேச்சு எழுகிறது. வாலிபர் ஐக்கியமும் பெண்கள் ஐக்கியமும் ஒரு நாள் சுற்றுலா செல்ல விரும்புகின்றன. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வாழும் நமக்குக் கடல் தொலைவில் இல்லை. ஆகவே பேருந்து பெரும்பாலும் புதுச்சேரிக்கோ மாமல்லபுரத்துக்கோ புறப்படும். கடலில் கால் நனைத்து, கொண்டுபோன புளியோதரையை உண்டு, படம் எடுத்துக்கொண்டு, மாலையில் பாட்டுப் பாடியபடி திரும்புவோம். இது தவறென்று நான் சொல்ல வரவில்லை. ஓய்வும் ஐக்கியமும் கர்த்தர் தந்த ஈவுகளே. ஆயினும் இவ்வாண்டு நாம் மரக்காணத்துக்குச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. "மரக்காணத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு விடையாகவே இவ்வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

மரக்காணம் நமக்கு அந்நிய ஊர் அன்று. 1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நம் பங்குக்கு வந்த கடற்கரை மிகச் சிறியது. இன்று அது மரக்காணம், வானூர் ஆகிய இரு வட்டங்களில் அடங்கிவிடுகிறது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணத்தை அடையலாம். வழியெங்கும் நாம் அறிந்த வயல்களே: நெல், உளுந்து, நம் வட்டாரத்தார் மல்லாட்டை என்று அழைக்கும் மணிலா, கோடையில் சாலையோரங்களில் குவித்து வைக்கப்படும் தர்பூசணி. டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை, எள் இரகங்களின் பெயரில் இருப்பது நம் திண்டிவனமே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். கரை நெருங்க நெருங்கச் சவுக்குத் தோப்புகளும் பனைகளும் தோன்றும். பின்பு ஓரிடத்தில் பச்சை நின்று வெண்மை தொடங்கும். அதுவே மரக்காணத்து உப்பளம்.

தமிழகத்தில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக உப்பு விளையும் இடம் இது. ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவடைவதும் இங்கேதான். ஊருக்குத் தெற்கே கடலுக்கு இணையாக விரிந்து கிடப்பது கழுவேலி ஏரி. மேற்கே உள்ள பல ஏரிகளின் உபரிநீர் அதில் வந்து சேர்கிறது. கழிமுகத்தின் வழியாகக் கடல்நீரும் அதனுள் ஏறுகிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் அந்த 5,151 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன. கடலோரம் நெடுக எக்கியார்குப்பம், கைப்பாணிக்குப்பம், வசவன்குப்பம், கூனிமேடு என்று மீனவர் ஊர்கள் உள்ளன. வயல், ஏரி, உப்பளம், கடல் ஆகிய நான்கும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இவ்வழியில் நமக்கு முன்னே ஒருவர் சென்றிருக்கிறார். பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இயற்றிய நல்லூர் நத்தத்தனார் பாடியது நம் நாட்டைத்தான். அதன் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர்களுள் ஒன்றாகிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கல். அவனது துறைமுகமாகிய எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வறுமையில் வாடும் பாணன் ஒருவனை அவ்வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புவதே அந்நூலின் பொருள். வழியில் எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் தருவார்கள். வேலூரில் எயினர் புளிச்சோறும் இறைச்சியும் தருவார்கள். ஆமூரில் உழவர் வெண்சோறும் நண்டும் தருவார்கள் என்று புலவர் சொல்லிச் செல்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்தப் பயணி எங்கும் விருந்தினனாகவே செல்கிறான். ஒவ்வோர் ஊரிலும் நிலத்தையும் நீரையும் காண்பதோடு, அங்கே உழைப்பவர் இன்னார் என்றும் அறிகிறான். அவர்கள் கையால் உண்கிறான். இரண்டாவது, அவன் புறப்பட்ட வீட்டின் நிலை. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு உண்ணும் வீடு அது. வறுமையின் அடையாளமாகப் புலவர் காட்டியவற்றில் ஒன்று உப்பின்மை. நம் முன்னோர் உப்பை எவ்வளவாக மதித்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? உமணர் நெல்லுக்கு உப்பை மாற்றி விற்ற செய்தி சங்கப் பாடல்களில் உண்டு. சம்பா நெல்லையும் அளத்து உப்பையும் கூலியாக அளித்ததால்தான் 'சம்பளம்' என்ற சொல்லே பிறந்தது என்று விளக்குவோரும் உண்டு. வயலும் அளமும் ஒன்றையொன்று அறிந்திருந்த காலம் அது.

இன்று நிலைமை என்ன? உப்பு நம் வீட்டுக்கு நெகிழிப் பையில் வருகிறது. அது எங்கே விளைந்தது என்று நாம் கேட்பதில்லை. கடற்கரை ஊர்களின் பெயர்களும் துயரச் செய்திகளின் வழியாகவே நம் காதில் விழுகின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது நம் மாவட்டத்துக் குப்பங்களின் பெயர்களைக் கேட்டோம். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தபோது மறுபடியும் கேட்டோம். பிணம் விழும் நாளில் மட்டும் பெயர் தெரிந்துகொள்ளும் உறவை அயலார் உறவு என்று எப்படிச் சொல்வது? ஒரு மணி நேரத் தொலைவில் இருப்போரை அமைதியான ஒரு நாளில், அவர்கள் வேலை செய்யும் நேரத்தில், அவர்கள் முகத்தோடு அறிந்துகொள்வது நல்லதல்லவா?

உப்பளத்தில் நடக்கும் வேலையை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பே உள்ளது. அதைப் பிரித்தெடுக்க வெயிலும் காற்றும் பொறுமையும் வேண்டும். மழைக்காலம் முடிந்தபின் வரப்புகளைச் சீர்செய்து, பாத்திகளின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். உவர்நீரை ஆழமற்ற பாத்திகளில் தேக்கி, அது வற்ற வற்ற ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றுகிறார்கள். செறிவை அளக்கும் கருவியில் ஏறத்தாழ 25 பாகை காட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. அதற்குமேல் மிகவும் வற்றவிட்டால் மக்னீசியம் முதலிய கசப்பு உப்புகளும் சேர்ந்து படிந்துவிடும். ஆகவே எஞ்சிய நீரை ஏற்ற வேளையில் வடித்துவிட வேண்டும். பின்பு நீண்ட கைப்பிடியுள்ள மரப்பலகையால் வாரி, வரப்பின்மேல் கூட்டி, அம்பாரமாகக் குவிக்கிறார்கள். வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கினாலும், வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணை வருத்தும். உவர்நீரில் நின்ற பாதங்கள் வெடித்துப் புண்ணாகும். இயேசு தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டதை (மத்தேயு 5:13) வைத்து உப்பின் சுவை, உப்பின் தூய்மை, உப்பின் காக்கும் தன்மை என்று எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். அந்த உப்பை வாரும் கைகளைப் பற்றிய பிரசங்கம் அரிது.

இனி, இந்தத் தியானத்தின் மையக் காரியத்துக்கு வருகிறேன். அது மழையைப் பற்றியது.

நம் சபையில் பாதிக் குடும்பங்களுக்கு ஏதோ ஒரு வகையில் நிலத்தோடு தொடர்பு உண்டு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் வீட்டுப் பழமொழி. மானாவாரி மணிலா விதைப்பவர்கள் ஆனியிலும் ஆடியிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாள்களில் ஞாயிறு ஆராதனையில் மழைக்காக நாம் ஊக்கமாய் ஜெபிக்கிறோம். ஒரு நல்ல மழை இறங்கினால் அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லி ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் அதே ஆனியும் ஆடியும் உப்பளத்துக்கு விளைச்சல் காலம். நம் விதைப்புக்கு உயிர் தந்த அதே மழை, 35 கிலோமீட்டருக்கு அப்பால் பாத்தியில் படிந்திருந்த உப்பை ஓர் இரவில் கரைத்துவிடுகிறது. செறிவேறி நின்ற நீர் மீண்டும் வெறும் நீராகிறது. பாத்தியைச் சீர்செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவரை அன்றாடக் கூலி வாங்குவோருக்கு வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலியும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பல வாரங்கள் அளமே மூடிக் கிடக்கும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டம் ஒன்றைத் தமிழக அரசு நடத்துகிறது. அதை வரவேற்கிறோம். எனினும் ஒரு குடும்பம் அத்தொகையைக் கொண்டு எத்தனை நாள் அடுப்பெரிக்க முடியும் என்பதை உங்கள் வீட்டுக் கணக்கை வைத்தே எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் நாம் மழைக்காக ஜெபிக்கலாகாதா? ஜெபிக்க வேண்டும். மழை இல்லையேல் வயல் இல்லை, கழுவேலியும் இல்லை, உப்பு வாருபவரின் தட்டில் சோறும் இல்லை. ஏற்ற காலத்தில் மழையைத் தருவதாகக் கர்த்தர் தம் ஜனத்துக்கு வாக்களித்ததை லேவியராகமம் 26ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நீதியுள்ளோர் மேலும் அநீதியுள்ளோர் மேலும் பிதாவானவர் மழையைப் பெய்யச்செய்கிறார் என்பதை இயேசு மலைப் பிரசங்கத்தில் எடுத்துக்காட்டினார் (மத்தேயு 5:45). மழை கர்த்தருடைய கொடை; அதைக் கேட்பது பிள்ளைகளின் உரிமை.

ஆனால் கேட்டுப் பெற்றவருக்கு ஒரு கடமையும் உண்டு. மழை வேண்டுமென்று கேட்டு, மழையைப் பெற்று, மழையால் வாழ்வோர், அதே மழையால் கூலி இழப்போருக்குக் கடன்பட்டவர்கள். என் கருத்தின் சாரம் இதுவே. நம் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் இன்னொருவர் வீட்டில் அடுப்பை அணைக்கிறது என்று அறிந்தபின், நம் ஸ்தோத்திர காணிக்கை நம் மதிற்சுவருக்குள்ளேயே நின்றுவிடலாகாது. உப்பளத்தில் உழைப்போரில் பலர் நம் சபையார் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர் என்று ஒருவர் சொல்லலாம். மழை அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை என்பதுதானே மலைப் பிரசங்கத்தின் போதனை?

கடலோரமும் விளைநிலமும் ஒன்றாகக் கர்த்தர்முன் நிற்க வேண்டியவை என்பதற்கு வேதத்திலேயே ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. மோசே தன் மரணத்துக்கு முன் கோத்திரங்களை ஆசீர்வதித்தபோது, செபுலோனையும் இசக்காரையும் பிரிக்காமல் ஒரே வாக்கியத்தில் ஆசீர்வதித்தார் (உபாகமம் 33:18, 19). யாக்கோபின் ஆசீர்வாதத்தில் செபுலோன் கடற்கரையில் குடியிருப்பவன். இசக்கார் நல்ல நிலத்தைக் கண்டு அதில் உழைக்கத் தோள் கொடுப்பவன். மோசேயின் வாழ்த்தில் அவ்விரு சகோதரரும் ஜனங்களை மலைக்கு அழைத்து, கடலின் செல்வத்தையும் மணலில் மறைந்த செல்வத்தையும் கொண்டு, நீதியின் பலிகளைச் செலுத்துகிறார்கள். ஒருவன் செலுத்த மற்றவன் வேடிக்கை பார்க்கவில்லை. போஜனபலியைப் பற்றிய கட்டளையும் இதனோடு இசைகிறது. மாவினால் செய்யப்படும் எந்தக் காணிக்கையும் உப்பின்றிப் படைக்கப்படலாகாது என்று லேவியராகமம் 2:13 விதிக்கிறது. வயலின் விளைச்சல் பலிபீடத்துக்கு வரும்போது உப்பும் கூடவே வர வேண்டும்.

நம் அறுப்பின் பண்டிகையை இந்த வசனத்தின் ஒளியில் பாருங்கள். நெற்கதிர், கரும்பு, வாழைத்தார், பூசணி, தேங்காய், சேவல், ஆட்டுக்குட்டி என்று ஆலயத்தின் முன்பகுதி நிறைந்திருக்கும். ஆராதனை முடிந்தபின் ஏலம் நடக்கும். ஓர் எலுமிச்சம்பழம்கூட நூற்றுக்கணக்கான ரூபாய்க்குப் போகும். அந்தக் குவியலில் ஒரு படி உப்பை வைப்பவர் அரிது. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று சொல்லும் நாம், உப்பில்லாத காணிக்கையை ஆண்டுதோறும் ஆலயத்தில் அடுக்கிவைக்கிறோம்.

எனவே மரக்காணப் பயணத்தின் நோக்கத்தை இவ்வாறு வகுக்க விரும்புகிறேன். பங்குனியிலோ சித்திரையிலோ, உப்பு விளையும் காலத்தில், விடியற்காலையிலேயே புறப்படுவோம். வேலை நடக்கும் நேரத்தில் அளத்தைக் காண்போம். முன்கூட்டியே அனுமதி பெற்று, சிறு குழுக்களாகச் செல்வோம். உழைப்பவர்களைக் காட்சிப்பொருளாக்குவது பெரும் பாவம்; அவர்கள் சம்மதமின்றி ஒருவரும் படம் எடுக்கலாகாது. அவர்களிடம் பேசுவோம். வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா என்று அழைத்து, வேலையைப் பற்றிக் கேட்போம். கேட்பது போதும், அங்கே பிரசங்கம் வேண்டாம். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை ஊர்களுக்கு அனுப்பியபோது, தங்களுக்கு முன் வைக்கப்படுவதை உண்ணுங்கள் என்ற கருத்தில் அவர்களுக்குக் கட்டளையிட்டார். ஊழியக்காரரும் முதலில் விருந்தினராகவே ஒரு வாசலுக்குள் நுழைய வேண்டும்.

அங்கிருந்து கடற்கரைக்குச் செல்வோம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் உழைத்த மீனவர்களுக்கு மீனும் அப்பமும் அளித்ததை (யோவான் 21) அந்த மணலில் அமர்ந்து வாசிப்போம். கூடையில் மீன் விற்கும் பெண்களிடம் வாங்குவோர் தயவுசெய்து பேரம் பேசிக் குறைக்காதீர்கள். பெரிய கடைகளில் ஒட்டியிருக்கும் விலையைக் கேள்வியின்றிக் கொடுக்கும் நாம், வெயிலில் நிற்கும் ஒரு தாயிடம் மட்டும் பத்து ரூபாய்க்கு வாதாடுவது சாட்சிக்கு அழகல்ல. பயிற்சியில்லாதோர் கடலில் இறங்க வேண்டாம். இதில் பெற்றோர் கண்டிப்பாய் இருக்க வேண்டும். கழுவேலியின் ஓரத்தில் நிற்கும்போது ஒலிபெருக்கி இராது. நாம் கொண்டுபோகும் தட்டும் குவளையும் நம்மோடே திரும்பிவரும். மேற்கிலிருந்து வழிந்தோடும் நீர் எதைக் கொண்டுபோகிறதோ அதையே கிழக்கிலிருப்போர் பெறுகிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால், நம் ஊர் ஏரிக்கரையில் குப்பை கொட்டும் பழக்கமும் ஒருவேளை மாறக்கூடும்.

திரும்பும்போது ஒவ்வொரு குடும்பமும் இயன்ற அளவு கல்லுப்பு வாங்கி வாருங்கள். அதை அறுப்பின் பண்டிகை நாளில் நெல்லுக்கும் மணிலாவுக்கும் அருகில் வைப்போம். ஏலத்தில் அதற்குப் பெரிய விலை கிடைக்காது என்று பொருளாளர் கவலைப்படலாம். ஆயினும் ஆராதனையில் ஒரு பொருளின் மதிப்பை ஏலத்தொகை தீர்மானிப்பதில்லை. ஏழை விதவையின் இரண்டு காசை எல்லார் காணிக்கையிலும் மேலாக எண்ணியவரின் சந்நிதி அது. மேலும், பண்டிகை வருமானத்தில் ஒரு பங்கைப் பிரித்துவைத்து, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அளம் மூடியிருக்கும்போது அங்குள்ள குடும்பங்களுக்கு அரிசியும் பருப்புமாகக் கொண்டு சேர்க்க வேண்டும் என்று குருசேகரக் குழுவின் முன் வைக்கப்போகிறேன். கட்டட நிதிக்கே பணம் போதவில்லை என்ற மறுப்பு எழும் என்பதை அறிவேன். அது நியாயமான மறுப்பே. ஆலயத்தின் கூரை ஒழுகுவதை நானும் பார்க்கிறேன். ஆனால் மழையால் நம் கூரை ஒழுகுவதைக் கவனிக்கும் நாம், அதே மழையால் அடுப்பெரியாத வீட்டையும் கவனிக்க வேண்டுமல்லவா? கூரைக்கு ஓராண்டு தாமதமாகலாம். பசிக்குத் தாமதம் சொல்ல முடியாது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. விழுப்புரத்தின் தெருக்கள் நீரில் மூழ்கின. நம் நெல்வயல்களும் மரக்காணத்து உப்பளமும் ஒரே வெள்ளத்தின் கீழ்க் கிடந்தன. அன்று உழவர் துயரம் வேறு, உப்பளத்தார் துயரம் வேறு என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெள்ளம் நம்மை ஒன்றாக்கியது உண்மையே. ஆனால் வெள்ளம் வடிந்ததும் அவரவர் தத்தம் வரப்புக்குத் திரும்பிவிட்டோம். ஒன்றாயிருப்பதற்கு இன்னொரு புயல் வரக் காத்திருக்க வேண்டுமா? ஒரு பேருந்தும் ஒரு சனிக்கிழமையும் போதுமே.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் ஒரு சிறு காரியத்தைச் செய்யுங்கள். உணவுக்காக நன்றி சொல்லும் வேளையில், உழுதவரை நினைப்பதோடு உப்பு வாரியவரையும் மீன் பிடித்தவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காக ஜெபிக்கும் நாளில், அம்மழையால் வேலை இழக்கப்போகும் வீடுகளுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்து ஜெபியுங்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நம் முன்னோர் சொன்னார்கள். நாள்தோறும் நமக்கு உப்பிடுகிறவர்கள் ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறார்கள்.

சமுத்திரத்தையும் வெட்டாந்தரையையும் உண்டாக்கின கர்த்தர் உங்கள் வயலையும் அவர்கள் அளத்தையும் ஆசீர்வதித்து, நம்மை ஒருவருக்கொருவர் நல்ல அயலாராக்குவாராக. ஆமென்.

பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாலிபர் ஐக்கியச் செயலாளரிடம் தெரிவிக்கவும்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்